தாதித் தலைவியின் சாவிக்கொத்து

நமது நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஜனங்கள் முதலில் விசாரிப்பது அங்கே பெரிய டாக்டர் யார், அவருடைய கைராசி எப்படி என்பதையேயாகும். கட்டிடம் எத்தனை மாடி, மிஷின் எந்த தேசத்திலிருந்து வந்தது என்பது அடுத்த விசாரணை. அங்கே வார்டை நடத்துகிறவர் யார், அவருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இராத்திரியில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று விசாரித்த மனிதரை நாம் இதுவரை கண்டதில்லை. ஆனால் படுக்கையில் விழுந்த ஒருவன் பிழைப்பதும் பிழைக்காததும் பல சமயங்களில் இந்த மூன்றாவது விசாரணையைப் பொறுத்ததாகவே இருக்கின்றது. டாக்டர் ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்பது காலையில் ஐந்து நிமிஷம். மீதிப் பொழுதெல்லாம் அவன் நர்சுகளின் பொறுப்பு. அந்த நர்சுகளுக்கெல்லாம் பொறுப்பாளி, ஹெட் நர்ஸ் என்றும் சிஸ்டர் என்றும், இப்போது சர்க்கார் காகிதங்களில் செவிலியர் கண்காணிப்பாளர் என்றும் சொல்லப்படுகிற ஒரு பெண். அவரைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத நினைக்கின்றோம்.

இதற்குக் காரணம் நமது தோழர் ஒருவருக்கு நேர்ந்த சம்பவமாகும். ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் சாதாரண ஜனங்களுக்கு உழைக்கிற யாரோ ஒருவருக்குத்தான் இன்னும் ஒரு காகிதம் போய்ச் சேரும். தோழருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். நீரிழிவு வெகு நாளாக உண்டு. காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் கண்டு ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டில் சேர்க்கப்பட்டார். நாமும் முறை வைத்துக்கொண்டு அவருக்குத் துணையிருந்தோம். வார்டில் கட்டில் நாற்பது. நாம் எண்ணிய போது நோயாளிகள் அறுபத்திரண்டு. மீதிப் பேர் கட்டிலுக்குக் கீழேயும் நடையிலும் பாயில். பகலில் நர்சுகள் மூன்று பேர், இராத்திரிக்கு ஒருவர்.

நாலாம் நாள் விடியற்காலம் தோழர் உளற ஆரம்பித்தார். வேஷ்டியைப் பிடித்து இழுப்பதும், இல்லாத ஆட்களைத் திட்டுவதும், உடம்பெல்லாம் வேர்ப்பதுமாக இருந்தார். அவருடைய மனைவியார் இது காற்றுச் சேஷ்டை என்றார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்த அம்மையார், பின் வாசல் கோயில் பூசாரியிடம் விபூதி வாங்கி வந்தால் தெளியும் என்று யோசனை சொல்ல, அவர் பிள்ளை ஓடினான். இராத்திரி நர்ஸ் வார்டின் மறு கோடியில், மூச்சு நின்றுபோன ஒரு கிழவரின் நெஞ்சை அமுக்கிக் கொண்டிருந்தார். அப்போது மணி ஏழுக்குக் கால் மணி குறைவு. ஹெட் நர்ஸ் அப்போதுதான் வந்தார். கையெழுத்துப் புத்தகத்துக்குப் போகாமல், நேரே வார்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அந்த அம்மாளின் வழக்கமாம். தோழரின் முகத்தைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார், விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். சர்க்கரை 38. டாக்டருக்கு டெலிபோன் செய்து உத்திரவு வாங்கிக்கொண்டே, குளுக்கோஸ் மருந்தை நரம்பில் ஏற்றினார். பத்து நிமிஷத்துக்குள் நமது தோழர் எழுந்து, தம் மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். விபூதி அதற்கு அப்புறந்தான் வந்து சேர்ந்தது.

நடந்தது என்னவென்றால், முதல்நாள் இராத்திரி இன்சுலின் ஊசி போடப்பட்டிருக்கிறது; வாய் கசக்கிறது என்று தோழர் சாப்பிடவில்லை. சாப்பிட்டாரா என்று ஒருவர் வந்து கேட்டிருந்தால் இது நேர்ந்திராது. அறுபத்திரண்டு பேரை ஒரு பெண் எப்படிக் கேட்பாள்? இன்னும் கேளுங்கள். இரண்டு நாள் கழித்து, இந்தத் தவறுதலுக்குச் சமாதானம் எழுதித் தரவேண்டுமென்று ஒரு மெமோ வந்தது. யாருக்கு? உயிரைத் திருப்பிக் கொடுத்த அந்த ஹெட் நர்சுக்கு! இராத்திரிக்கு இன்னொரு நர்ஸ் வேண்டுமென்று அவர் மூன்று தடவை எழுதிக் கேட்டிருந்தாராம். அந்தக் காகிதங்களுக்குப் பதில் கிடையாது. தோழரின் குடும்பத்தாரோ, வீடு திரும்பியதும் நேர்த்திக்கடன் என்று இரண்டாயிரம் ரூபாயை உண்டியலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நாம் தடுத்தும் கேட்கவில்லை.

நிற்க, மெடிக்கல் வார்டு என்பது என்ன என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். அறுவை வார்டில் காயம் கண்ணுக்குத் தெரியும். கட்டு நனைந்தால் பாமரனும் கூப்பிடுவான். மெடிக்கல் வார்டில் எல்லாம் உள்ளே நடக்கிற காரியம். நெஞ்சடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், பெயர் தெரியாத காய்ச்சல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடக்கும். இவர்கள் திடீரென்று செத்துப்போனார்கள் என்று நாம் சொல்லுகிறோமே, அதில் பெரும்பாலானவை திடீரென்று நடப்பதல்ல. மூச்சு நிமிஷத்துக்குப் பதினாறாயிருந்தது இருபத்தெட்டாகும், மூத்திரம் குறையும், பேச்சு குழறும். பல மணி நேரத்துக்கு முன்பே உடம்பு தந்தி கொடுத்துவிடும். அந்தத் தந்தியை வாசிக்க ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. இங்கிலாந்தில் 2012-ல் ராயல் காலேஜ் வைத்தியர்கள் இதற்காகவே ஒரு கணக்கு முறையை ஏற்படுத்தினார்கள். மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு, உஷ்ணம், இரத்த அழுத்தம், நாடி, புத்தித் தெளிவு ஆகியவைகளுக்கு மார்க்குப் போட்டுக் கூட்டி, மார்க்கு ஏறினால் டாக்டரை எழுப்பவேண்டும் என்பது அதன் சாராம்சம். இதில் மந்திரமில்லை, கைராசியில்லை. எண்ணி எழுதுவதுதான். எண்ணுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

படுக்கைப் புண்ணையும் எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து கிடந்தவர் முதுகு அழுகிச் செத்தார் என்றால், அவர் தலைவிதி என்கிறோம். புரளமுடியாத ஒருவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட ஆள் இல்லாமற் போனதற்கு விதி என்று பேர் வைத்திருக்கிறோம்!

ஆகவே, வார்டின் தலைமைத் தாதி செய்யவேண்டிய வேலை என்ன? எந்தக் கட்டிலில் இருப்பவர் இன்று கெட்டுப் போகக்கூடும் என்று அறிந்து, அவரைத் தேர்ந்த நர்ஸிடம் ஒப்படைப்பது. புதிதாய் வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று பழக்குவது. டாக்டர் எழுதியது நடந்ததா என்று பார்ப்பது. எழுதியதே தவறாயிருந்தால் துணிந்து கேட்பது. ஆள் போதாவிட்டால் மேலே சொல்லி வாங்குவது. இவ்வளவும் கண்ணாலும் காலாலும் செய்கிற வேலை. அவர் உண்மையில் செய்வது என்ன? நாம் பதினோரு நாள் கூடவே இருந்து பார்த்ததைச் சொல்லுகிறோம். போர்வை எத்தனை, வெளுக்கப் போனது எத்தனை, திரும்பியது எத்தனை என்று எண்ணினார். பீரோவைத் திறந்து மருந்து எண்ணினார். பால் ரொட்டிக் கணக்கு எழுதினார். மருந்துக்கு இண்டெண்டு எழுதி, கையெழுத்துக்காக மாடி ஏறி இறங்கினார். உடைந்துபோன ஒரு ஸ்டாண்டு, கழிவென்று உத்திரவாகாத காரணத்தால் வருஷக் கணக்காய் அறையை அடைத்துக் கிடக்கிறதாம். அதைத் தூக்கி எறிந்தால் அவர் பென்ஷனில் பிடித்துவிடுவார்களாம். ஆகையால் அந்த ஓட்டை ஸ்டாண்டுக்கும் அவர் காவல். இடுப்பிலே சாவிக்கொத்து; கையிலே ரிஜிஸ்தர். தவிர, மத்திய சர்க்கார் 2015-ல் ஆரம்பித்த ‘காயகல்ப்’ என்கிற சுத்தப் பரிசுத் திட்டத்திற்காகவும், தரச்சான்றுக்காகவும் பரீட்சை செய்ய வருகிறவர்களுக்குக் காட்ட வேறே நோட்டுப் புத்தகங்கள். சுத்தமும் தரமும் வேண்டியவைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கையை அலம்பினதாக எழுதுகிற நேரத்தில் கை அலம்ப முடிவதில்லை என்று ஒரு நர்ஸ் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். (சித்தர்கள் தேடிய காயகல்பத்தை டில்லியில் காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் போலும்!)

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. வார்டைக் கூட்டுகிறவர், மலம் அள்ளுகிறவர், நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் ஆகியோர் இப்போது பெரும்பாலும் கண்டிராக்டு கம்பெனியின் ஆட்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், லீவு கொடுப்பதும், விலக்குவதும் கம்பெனிக்காரன். வார்டு நாறினால் கேள்வி கேட்கப்படுவது மட்டும் ஹெட் நர்ஸ். டாக்டர்கள் அவருக்குக் கீழ்ப்பட்டவரல்ல. மருந்துக் கிடங்கு அவருக்குக் கீழ்ப்பட்டதல்ல. நர்சுகளை இன்னொரு வார்டுக்கு மாற்றுவதும் அவர் கையிலில்லை. பொறுப்பு அத்தனையும் அவருக்கு, அதிகாரம் அத்தனையும் மற்றவர்களுக்கு என்றால் இதற்கு உத்தியோகம் என்று பெயரா? நமது வீடுகளில் பெண்களுக்குச் சாவிக்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு எஜமானி என்று சொல்லி, பணத்தையும் முடிவையும் ஆண்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்களே, அதே தந்திரத்தைத்தான் ஆஸ்பத்திரியிலும் செய்து வைத்திருக்கிறார்கள் என்கிறோம்.

இது நமது நாட்டில் மாத்திரம் உள்ள கோளாறல்ல. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரையில் நோயாளிகள் தண்ணீருக்கும் தவித்துக் கிடந்த கொடுமையை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ் என்பவர் 2013-ல் அறிக்கை வெளியிட்டார். அதில் கண்ட சிபார்சுகளில் ஒன்று, வார்டுத் தலைமை நர்ஸ் அறைக்குள் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறவராயிருக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறைக்கு ஈடுகட்டுகிற ஆளாகவும் அவரை அவசரத்துக்குத் தவிர உபயோகிக்கக் கூடாது. மேற்பார்வையே அவருடைய வேலையாயிருக்க வேண்டும் என்பதாகும். ஏழை நாட்டில் அதெல்லாம் நடக்குமா என்று சிலர் கேட்கலாம். எழுதுகிற வேலைக்கு வார்டுக்கு ஒரு குமாஸ்தாவைப் போட்டால் ஹெட் நர்ஸ் வெளியே வந்துவிடுவார். ஒரு குமாஸ்தாவைப் போடமுடியாத அவ்வளவு ஏழை சர்க்காரா நம்முடையது?

இந்த நாட்டின் கதையையும் பார்க்கலாம். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே பெண்களுக்குத் தாதிப் பயிற்சி ஆரம்பித்தது. தாதிகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-ல் வந்துவிட்டது. இருந்தும், 1946-ல் ஸர் ஜோசப் போர் கமிட்டியார் கணக்கெடுத்தபோது, இந்தியா பூராவுக்கும் ஏறக்குறைய 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார். 500 பேருக்கு ஒருவர் என்ற அளவை 1971-க்குள் எட்டவேண்டுமென்று அவர்கள் சொன்னார்கள். இந்தியத் தாதிக் கவுன்சிலின் அளவோ, போதனா ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கும் மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கும் ஒரு நர்ஸ் என்பது. நாம் கண்ட வார்டில் இராத்திரிக் கணக்கு 62-க்கு ஒன்று. கவுன்சில் விதியை யாரும் இரத்துச் செய்யவில்லை. அது சாஸ்திரத்தைப்போல் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரே வித்தியாசம், சாஸ்திரத்தை மீறினால் நமது பெரியவர்களுக்குக் கோபம் வரும்.

நர்சுகள் அதிகமானால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் கணக்கு இருக்கின்றது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சியில், அறுவை நோயாளிகளைப் பொறுத்தவரை, ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடுந்தோறும் ஒரு மாதத்துக்குள் சாவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் ஏறிக்கொண்டு போகக் கண்டார்கள். அது அறுவைக்காரர்களின் கணக்கு, மெடிக்கல் வார்டுக்குப் பொருந்தாது என்று வாதிப்பதானால், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தைப் பாருங்கள். அங்கே 2016-ல் மெடிக்கல் வார்டுகளையும் அறுவை வார்டுகளையும் சேர்த்தே சட்டம் செய்தார்கள். பகலில் 4 நோயாளிக்கு ஒரு நர்ஸ், இரவில் 7 பேருக்கு ஒரு நர்ஸ். அந்தச் சட்டம் வந்த ஆஸ்பத்திரிகளையும் வராத ஆஸ்பத்திரிகளையும் ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், சட்டம் வந்த இடங்களில் சாவும் குறைந்தது, வீட்டுக்குப் போனவர் திரும்பி வருவது மற்ற இடங்களில் ஏறியதுபோல் அங்கே ஏறவில்லை, கட்டிலில் கிடக்கும் நாளும் குறைந்தது என்று தெரிகின்றது. புதிய நர்சுகளுக்கான செலவைப் போல் இரண்டு பங்கு செலவு மிச்சமாயிற்று என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆதலால் பணமில்லை என்ற சாக்கும் நிற்காது. நர்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி நடத்துவதுதான் அதிகச் செலவு.

நமது சர்க்கார்கள் செய்தது என்ன? தமிழ்நாட்டில் 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த நர்சுகளை, மாதம் 7,700 ரூபாய் தொகுப்புச் சம்பளத்தில் கண்டிராக்டாக நியமித்தார்கள். அவர்கள் 2017-ம் வருஷம் நவம்பர் மாதம் சென்னையில் கூடிப் போராட வேண்டியதாயிற்று. பிறகு சம்பளம் படிப்படியாய் ஏறிற்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2020-ல் கொரோனா வந்தபோது, மார்ச்சு 22-ந் தேதி தேசம் முழுவதும் தட்டையும் மணியையும் தட்டி அவர்களைக் கௌரவித்தார்கள். மே 3-ந் தேதி ஆகாயத்திலிருந்து ஆஸ்பத்திரிகளின் மேல் பூப் போட்டார்கள். பூசை என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்குச் சலிப்பே இல்லை! அந்தக் காலத்தில் அவசரமாகச் சேர்த்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கண்டிராக்டு 2022-ம் வருஷக் கடைசியில் தமிழ்நாட்டில் நீட்டிக்கப்படாமல் முடிக்கப்பட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளின் யோக்கியதையோ சொல்லத் தரமன்று. சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் சொல்லி, அதன்பேரில் ஏற்பட்ட கமிட்டி ஐம்பது கட்டிலுக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமென்று சிபார்சு செய்தது. அந்தத் தொகையில் பாதியைக் கையில் வாங்கும் பெண்களை நமக்கே தெரியும்.

இப்படிப்பட்ட ஒரு கண்டிராக்டுப் படையை வைத்துக்கொண்டுதான் ஹெட் நர்ஸ் வார்டு நடத்த வேண்டும். பழகின பெண் ஆறு மாதத்தில் போய்விடுவாள். புதுப் பெண் வருவாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அடிவேர் சம்பளத்தில் மட்டும் இல்லை. பிறர் மலத்தையும் சீழையும் சளியையும் தொட்டுத் துடைக்கிற வேலை நமது வருணாசிரமப் புத்திக்குத் தாழ்ந்த வேலை. அந்நிய ஆடவனைத் தொடுவது பெண்ணுக்குத் தகாத வேலை. இராத்திரியில் வெளியே தங்குவது கேட்கவே வேண்டாம். மூன்றும் சேர்ந்த உத்தியோகம் இது. ஆதலால்தான் வெகு காலம் மேல்ஜாதிக்காரர்கள் எனப்படுவோர் தம் பெண்களை இதற்கு அனுப்பாமல் இருந்தார்கள். ஆங்கிலோ இந்தியப் பெண்களும், கிறிஸ்தவப் பெண்களும், வேறு வழியற்ற விதவைகளும் வந்து நடத்திய தொழில் இது. ஆஸ்பத்திரிக்குள்ளும் இதே ஏணிதான். மருந்தின் பேரை எழுதுகிறவர் உச்சியில். மருந்தைக் கொடுக்கிறவர் நடுவில். மருந்து வெளியேறியதை அள்ளுகிறவர் அடியில். உடம்பை எவ்வளவு கிட்டப்போய்த் தொடுகிறாரோ அவ்வளவுக்குக் கீழே என்பதே அந்த மநுதர்மம்.

தலைமைத் தாதிகளிடத்திலும் குற்றமில்லாமலில்லை. ஏழை நோயாளியை ‘வா, போ’ என்பதும், டாக்டரிடம் பட்ட அவமானத்தை ஆயாவின்மேல் திருப்புவதும், துப்புரவு செய்கிறவருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பதும் நாம் கண்டதே. மேலே குனிகிறவர் கீழே மிதிப்பது இந்த நாட்டுப் பழக்கம். தள்ளுவண்டிக்குக் காசு கேட்கும் கூட்டத்தைக் கண்டும் காணாததுபோலிருக்கிற ஹெட் நர்சுகளும் உண்டு. இவைகளை அவர்கள் சங்கங்களே பேசித் திருத்திக்கொள்ள வேண்டும். சம்பளத் தீர்மானத்தோடு இதையும் ஒரு தீர்மானமாக வைத்தால் ஜனங்கள் அவர்கள் பக்கம் நிற்பார்கள்.

சர்க்காருக்கு நாம் சொல்லுவது இவ்வளவே. வார்டுக்கு ஒரு குமாஸ்தா கொடுங்கள். உடைந்த சாமானுக்குப் பென்ஷனில் பிடிக்கும் விதியை எடுங்கள். வார்டைக் கூட்டுகிறவர்களின் வேலை திருப்தியாயிருக்கிறதென்று ஹெட் நர்ஸ் கையெழுத்துப் போட்டாலொழியக் கண்டிராக்டருக்குப் பில் பாஸாகக் கூடாது. ஆனால் கூட்டுகிறவரின் கூலியில் அதற்காகக் கை வைக்கவும் கூடாது. ஆள் போதவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்த காகிதத்துக்கு மூன்று நாளில் எழுத்து மூலம் பதில் தரவேண்டும். பதில் தராமலிருந்து விபத்து நேர்ந்தால், மெமோ அந்தக் காகிதத்தை மடித்து வைத்தவருக்குப் போகட்டும்.

வாசகர்களில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தங்கள் நோயாளி சாப்பிட்டாரா, மூத்திரம் எவ்வளவு போனார் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து நர்ஸிடம் கொடுங்கள். விபூதிக்கு ஓடுகிற நேரத்தில் இது செய்யலாம்.

சென்ற மாதம் நமது இயக்கத்தில் வெகு நாளாக உள்ள ஒருவர் வீட்டில் பிள்ளைக்குப் பெண் பார்த்தார்கள். ஜாதி பார்க்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை, நமக்கும் சந்தோஷமாயிருந்தது. பெண் ஸ்டாஃப் நர்ஸ், இன்னும் சில வருஷத்தில் ஹெட் நர்ஸ் ஆகக்கூடியவர். எல்லாம் பேசி முடித்த பிறகு, வீட்டுப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: “அந்தப் பெண்ணுக்கு நைட் டியூட்டி எல்லாம் உண்டாமே?” உண்டு என்றோம். யோசித்துச் சொல்லுகிறேன் என்றார். அவர் இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி கண்டு, பதினெட்டு இராத்திரி மெடிக்கல் வார்டில் கிடந்து எழுந்து வந்தவர். பதில் இன்னும் வரவில்லை.